மேச்சேரி பொலிகிடா வாங்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம் மாவட்டம் மேச்சேரிக்குப் பக்கத்தில் எங்களுடையது சின்னப் பண்ணை. மேச்சேரி இனச் செம்மறி மட்டும்தான் வளர்க்கிறோம். தாய் ஆடுகள் நாற்பது சொச்சம் இருக்கும். குடும்பமே பார்த்துக்கொள்கிறோம், கூலி ஆள் இல்லை. போனில் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஆடு மேய்த்துக்கொண்டு பொறுமையாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதி வைத்திருக்கிறோம். படித்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

இப்போது கிடா இருக்கிறதா?

வருடத்துக்கு நாலைந்து கிடாதான் இனவிருத்திக்கு, அதாவது பொலிகிடாவாக, கொடுக்கிறோம். சில சமயம் அதுவும் இருக்காது. இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

நாற்பது ஆடு வைத்திருந்தால் வருடத்துக்கு இருபது கிடாக்குட்டியாவது பிறக்குமே. மற்றதெல்லாம் எங்கே போகிறது?

கறிக்குப் போகிறது. இதை ஒளிக்க ஒன்றுமில்லை. பிறக்கிற கிடாக்குட்டி எல்லாம் பொலிகிடா ஆகிவிடாது.

பிறந்த அன்றைக்கே எடை போட்டு நோட்டில் எழுதுவோம். அப்புறம் மூன்றாம் மாதம் தாயிடமிருந்து பிரிக்கும்போது ஒரு எடை, ஆறாம் மாதம் ஒன்று, ஒன்பதாம் மாதம் ஒன்று. மூன்று மாத எடை குட்டியின் எடை என்று தோன்றும். உண்மையில் அது தாயின் பாலையும் சேர்த்துத்தான் காட்டுகிறது. பால் நின்றபிறகு, ஆறிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் வெறும் மேய்ச்சலில் எவ்வளவு ஏறியது என்பதில்தான் குட்டியின் சொந்தச் சரக்கு தெரியும். அந்தக் கட்டத்தில் பின்தங்கியது எவ்வளவு அழகாக இருந்தாலும் கழித்துவிடுவோம்.

அடுத்தது தாய். வருடம் தவறாமல் குட்டி போட்டதா, குட்டியைத் தானே ஒழுங்காக வளர்த்ததா, காம்பு இரண்டும் சரியாக இருக்கிறதா, குடற்புழுவில் அடிக்கடி படுத்ததா என்று பார்ப்போம். மழைக்காலத்தில் ஒவ்வொரு முறையும் மருந்து கொடுத்தே காப்பாற்ற வேண்டியிருந்த ஆட்டின் மகனைப் பொலிகிடாவாக விற்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் கிடாவை வாங்குவது அதன் மகள்களுக்காக. மகள்கள் எப்படி இருப்பார்கள் என்பதற்குக் கிடாவின் முதுகைவிட அதன் தாயும் கூடப்பிறந்த பெட்டைகளும்தான் நல்ல சாட்சி. வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கிடாவின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு விலை கேட்கிறார்கள். தாயைக் காட்டச் சொல்லிக் கேட்பவர் அபூர்வம். கேட்காவிட்டாலும் நாங்கள் காட்டுவோம்.

அசல் மேச்சேரிதான் என்று எப்படி நம்புவது?

நிறம் செம்மண் கலந்த பழுப்பு. உடம்பில் கம்பளி ரோமம் இருக்காது, குட்டை முடிதான். வால் சின்னது, மெல்லியது. கிடாவுக்கும் சரி, பெட்டைக்கும் சரி, கொம்பு கிடையாது. சந்தையில் கொம்பு முளைத்த செம்மறிக் கிடாவை மேச்சேரி என்று சொல்லி விற்றால் எங்கேயோ கலப்பு நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆட்டை மயிலம்பாடி என்றும் சொல்வார்கள். சேலம், ஈரோடு, கரூர் பக்கம் எல்லாம் இதுதான் ஓடுகிறது. தோலுக்குப் பேர் போன இனம். கறிக்கடைக்காரரைவிடத் தோல் வியாபாரிக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் பக்கத்திலேயே பொட்டனேரியில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மேச்சேரி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஒரு முறை மந்தையைப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தால் எங்களுக்கும் பேச்சு மிச்சம். அவர்களிடம் கிடா கிடைத்தால் தாராளமாக அங்கேயே வாங்குங்கள். எங்களுக்கு வருத்தமில்லை.

உங்கள் கிடா என்ன எடை வரும்? அறுபது கிலோ கிடா இருக்கிறதா?

மேய்ச்சலில் வளர்ந்த மேச்சேரிக் கிடா 35 கிலோவை ஒட்டி நிற்கும். கூடுதல் தீவனம் போட்டால் இன்னும் ஏறும். பெட்டை 22 முதல் 25 கிலோ. இந்த இனத்தின் அளவே அவ்வளவுதான். அறுபது கிலோ வேண்டுமென்றால் வேறு இனம் பார்க்க வேண்டும்.

விற்பதற்கு முன்னால் கொழுக்க வைக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. கொழுத்த கிடா பார்க்க நன்றாக இருக்கும். உங்கள் பட்டிக்கு வந்து மேய்ச்சலுக்கு இறங்கியதும் ஒரே மாதத்தில் வற்றிப்போகும். வெயிலில் மூச்சு வாங்கும், பெட்டை பின்னால் நடக்கச் சோம்பல்படும். விதைப்பைக்கு மேலே கொழுப்பு சேர்ந்தால் அங்கே சூடு தங்கி விந்தும் கெடும். எங்கள் கிடாவைப் பார்த்ததும் சிலர் "என்ன இவ்வளவு ஒல்லியா இருக்கு" என்பார்கள். முதுகெலும்பை அழுத்தினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும், துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. அந்த அளவில்தான் வைத்திருக்கிறோம்.

விலை என்ன? சந்தையைவிட ஏன் அதிகம்?

அன்றைக்குச் சந்தையில் உயிர் எடைக்கு என்ன விலையோ, அதற்கு மேல் ஏறக்குறைய அரை மடங்கு சேர்த்துக் கேட்கிறோம். விலை மாறிக்கொண்டே இருப்பதால் தொகையை இங்கே எழுதவில்லை. தீபாவளி, பக்ரீத் சமயத்தில் சந்தை ஏறும், எங்கள் விலையும் கூடவே ஏறும். அவசரமில்லை என்றால் பண்டிகை கழித்து வாங்குங்கள். துண்டுக்குள் விரல் பிடித்துப் பேரம் பேசுகிற வேலையெல்லாம் இங்கே இல்லை. எல்லோருக்கும் ஒரே கணக்கு. தரகர் மூலம் வந்தால் தரகு உங்கள் பொறுப்பு.

ஏன் அதிகம் என்றால், மேலே சொன்ன எடை, கழிவு, நோட்டு, கூடவே நோய்க்கான ரத்தப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறது. வாங்குகிறவர் பக்கத்திலிருந்தும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது ஆட்டுக்கு ஒரு கிடா விட்டால் இரண்டு வருடத்தில் அறுபது குட்டி நிற்கும். நல்ல கிடாவால் குட்டிக்கு ஒரு கிலோ கூடினாலும் அறுபது கிலோ உயிர் எடை. அதிலேயே கிடாவின் விலை திரும்பி வந்துவிடும். பத்துப் பெட்டை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு அவ்வளவு சுலபமாகக் கட்டாது. அவர்கள் பக்கத்துப் பட்டிக்காரரோடு சேர்ந்து ஒரு கிடா வாங்கி மாற்றி மாற்றி விட்டுக்கொள்ளலாம். அப்படிச் செய்வதானால் இரண்டு பட்டியிலும் குட்டி வீசுகிற (சினை கலைகிற) நோய் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

என்ன வயதுக் கிடா வாங்கலாம்?

ஒன்றரை வயதை ஒட்டியோ அதற்கு மேலோ. பல் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள், யார் சொல்வதையும் நம்ப வேண்டியதில்லை. செம்மறிக்கு முன்பல் கீழ்த்தாடையில் மட்டும்தான், மொத்தம் எட்டு. பால் பல் எட்டும் சின்னதாக, வெள்ளையாக இருந்தால் ஒரு வயதுக்குள். நடுவில் இரண்டு அகலமான பல் வந்திருந்தால் ஒன்றிலிருந்து ஒன்றரை வயது. நாலு பல் என்றால் இரண்டு வயதை ஒட்டி, ஆறு பல் என்றால் இரண்டரையிலிருந்து மூன்று. எட்டும் போட்டிருந்தால் மூன்றரை, நாலு வயது.

இரண்டு பல், நாலு பல் கிடா வாங்குவது நல்லது. பல் போடாத கிடாவும் ஏறும், சினையும் பிடிக்கும். ஆனால் அந்த வயதில் நிறைய ஆட்டோடு விட்டால் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். ஆறு பல், எட்டுப் பல் கிடாவை யாராவது மலிவாகக் கொடுத்தால் முதலில் ஏன் விற்கிறார் என்று கேளுங்கள். "என் பட்டியில் அதன் மகள்கள் பருவத்துக்கு வந்துவிட்டன" என்றால் அது நல்ல காரணம். நல்ல கிடாவே மலிவாகக் கிடைக்கிற வாய்ப்பு அது.

நேரில் வந்தால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் தள்ளி நின்று நடக்க விட்டுப் பாருங்கள். நொண்டுகிறதா, பின்னங்கால் முட்டி உள்பக்கம் உரசுகிறதா என்று தெரியும். பின்னங்கால் சரியில்லாத கிடாவால் ஏறி நிற்க முடியாது. அப்புறம் வாய். கீழ்ப்பல் மேல் ஈறில் சரியாக உட்கார வேண்டும். தாடை முன்னே நீண்டோ உள்ளே போயோ இருந்தால் புல்லைக் கடித்து மேயச் சிரமப்படும், அந்தக் குறை குட்டிக்கும் போகும். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், சிவந்திருக்க வேண்டும். வெளுத்திருந்தால் வயிற்றில் புழு ரத்தம் குடிக்கிறது என்று பொருள்.

முக்கியமானது விதை. கூச்சப்படாமல் கையில் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவாக, கெட்டியாக, பைக்குள் தாராளமாக நகர வேண்டும். கட்டி, வீக்கம், சூடு, அழுத்தினால் வலி, ஒன்று சுருங்கியிருப்பது இதில் எது இருந்தாலும் வேண்டாம். ஒற்றை விதைக் கிடாவை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பெரிய விதை உள்ள கிடாவுக்கு விந்து அதிகம், அதன் மகள்களும் சீக்கிரம் பருவத்துக்கு வரும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டேப் வைத்து அளந்து காட்டுகிறோம், ஒரே வயதுக் கிடாக்களோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினால் போதாதா?

அனுப்புகிறோம். ஆனால் விதையையும் பல்லையும் வீடியோவில் பார்த்து முடிவு செய்ய முடியாது. நீங்கள் வர முடியாவிட்டால் ஆடு தெரிந்த யாரையாவது அனுப்புங்கள்.

ஒரு கிடாவுக்கு எத்தனை ஆடு?

வளர்ந்த கிடாவுக்கு 25 முதல் 30. முதல் வருடக் கிடாவுக்கு 10, 15 போதும். தேசியக் கால்நடை இயக்கத்தின் மானியத் திட்டத்தில் 100 பெட்டைக்கு 5 கிடா என்று வைத்திருக்கிறார்கள், அதாவது இருபதுக்கு ஒன்று. அதுவும் நல்ல கணக்குதான். அந்தத் திட்டத்துக்காக வாங்குகிறவர்கள் ரசீது கேட்கிறார்கள், தருகிறோம். உயிருள்ள ஆட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை.

சினை பிடிக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கிடாவின் நெஞ்சில் காவியை எண்ணெயில் குழைத்துத் தடவிவிடுங்கள், இரண்டு நாளுக்கு ஒரு முறை புதுப்பியுங்கள். ஏறிய பெட்டையின் பின்புறத்தில் நிறம் ஒட்டியிருக்கும். தேதியை எழுதி வையுங்கள். செம்மறிக்குப் பருவச் சுழற்சி ஏறக்குறைய 17 நாள். பதினாறாம் நாள் நிறத்தை மாற்றுங்கள். இரண்டாவது நிறம் ஒன்றிரண்டு ஆட்டில் மட்டும் ஒட்டினால் கவலையில்லை. பெரும்பாலான ஆட்டில் ஒட்டினால் கிடாவில்தான் கோளாறு, உடனே கூப்பிடுங்கள். குட்டி எதிர்பார்க்கிற தேதியும் இதிலேயே கிடைத்துவிடும். ஏறிய நாளிலிருந்து ஐந்து மாதத்துக்குச் சில நாள் முன்னே பின்னே.

இரட்டைக் குட்டி போட வைக்கிற கிடா இருக்கிறதா?

கிடாவால் இரட்டைக் குட்டி வராது. எத்தனை முட்டை வெளியாகிறது என்பது பெட்டையைப் பொறுத்தது. இரட்டைக்கான குணத்தைக் கிடா தன் மகள்களுக்குக் கொடுக்கலாம், பலன் அவை பருவத்துக்கு வந்தபிறகுதான். மேச்சேரியில் இரட்டை அபூர்வம். மகாராஷ்டிரத்தில் பல்டன் ஊரில் உருவாக்கிய நாரி சுவர்ணா ஆட்டில் அந்த மரபணு இருக்கிறது, சுந்தரவனப் பக்கத்து கரோல் ஆட்டிலிருந்து எடுத்து ஏற்றியது. ஆனால் யோசித்துச் செய்யுங்கள். கோடையில் காய்ந்த மேய்ச்சலில் ஒரு குட்டிக்கே பால் போதாத ஆட்டுக்கு இரண்டு பிறந்தால் இரண்டும் நோஞ்சானாகும். தீவனம் போட்டு வளர்க்க வசதி உள்ளவர்களுக்குத்தான் அது சரிவரும்.

கிடாவையும் பெட்டைகளையும் உங்களிடமே வாங்கிக்கொள்ளலாமா?

வாங்கலாம், ஆனால் ஒரே தகப்பனின் பிள்ளைகளை ஒன்றாகத் தரமாட்டோம். எங்கள் மந்தை சின்னது. எப்படிப் பார்த்தாலும் ஏதோ ஒரு வகையில் சொந்தம் வந்துவிடும். பெட்டைகளை எங்களிடம் எடுத்தால் கிடாவை வேறு பண்ணையில் எடுங்கள் என்று நாங்களே சொல்வோம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கிடாவை மாற்றுங்கள். இல்லையென்றால் மகள்களோடேயே சேரும், குட்டிகள் சிறுத்துப் பிறக்கும், சாவு கூடும். நல்ல கிடா என்று மனசு வராவிட்டால் விற்க வேண்டாம், பத்து மைல் தள்ளி இன்னொரு பண்ணைக்காரரோடு மாற்றிக்கொள்ளுங்கள்.

நாங்கள் தஞ்சாவூர். மேச்சேரி ஆடு எங்கள் ஊருக்கு ஒத்துவருமா?

இந்தக் கேள்விக்கு நாங்கள் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்கிறோம். இது வறண்ட மேட்டுக்காட்டு ஆடு. தண்ணீர் தேங்குகிற வயல்காட்டில் குளம்பு அழுகும். நத்தை இருக்கிற வாய்க்கால் ஓரத்தில் மேய்ந்தால் ஈரல் புழு பிடிக்கும். கொட்டகையில் பரண் போட்டு வளர்ப்பதானால் பார்க்கலாம். உங்கள் ஊர்ப் பட்டியில் பல தலைமுறையாகத் தாக்குப்பிடித்த ஆட்டிலேயே நல்ல கிடாவாகத் தேடிப் பிடிப்பது மேல். அதே மாதிரி செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் மெட்ராஸ் சிவப்பு இருக்கிறது. ராமநாதபுரம், சிவகங்கையில் ராமநாதபுரம் வெள்ளை, எட்டயபுரம் பக்கம் வேம்பூர். அங்கிருந்து இங்கே வந்து கிடா தேட வேண்டியதில்லை.

என்னென்ன தடுப்பூசி போட்டிருக்கிறீர்கள்?

ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஒரு முறை போட்டால் மூன்று வருடத்துக்குத் தாங்கும். துள்ளுமாரிக்கும் ஆட்டம்மைக்கும் வருடா வருடம் போடுகிறோம். தேதி எழுதிய அட்டை கிடாவோடு வரும். கன்று வீச்சு நோய்க்கு (மேலே சொன்ன குட்டி வீசுகிற நோய், புருசெல்லோசிஸ்) ரத்தம் பரிசோதித்த சீட்டும் தருவோம். இந்த நோய் மனிதருக்கும் தொற்றும், அதனால் எந்தப் பண்ணையில் வாங்கினாலும் இந்தச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

நீலநாக்கு நோயைத் தனியாகச் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, கொசுவைவிடச் சின்னக் கடிப்பூச்சியால் பரவுகிறது. காய்ச்சல், வாய் வீக்கம், வாய்ப்புண், நொண்டல். கிடா பிழைத்துக்கொண்டாலும் அந்தக் காய்ச்சலில் விந்து கெட்டிருக்கும். புது விந்தணு உருவாகி வெளிவர ஏறத்தாழ இரண்டு மாதம் பிடிக்கும். பார்க்கத் தெளிந்துவிட்டதே என்று பெட்டைகளோடு விட்டால் ஒரு பருவமே வீணாகும். எந்தக் கடும் காய்ச்சலுக்கும் இதே கணக்குதான். சித்திரை வெயிலில் நிழலில்லாமல் கட்டிப்போட்டாலும் இதேதான் நடக்கும்.

கொண்டு போவது எப்படி?

வண்டி உங்கள் பொறுப்பு. குட்டியானை வண்டியில் வைக்கோல் பரப்பி, சாயங்காலம் ஏற்றி இரவில் போவது நல்லது. ஆறு மணி நேரத்துக்கு மேல் பயணம் என்றால் 1978-ஆம் வருட விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி கால்நடை மருத்துவர் சான்று வேண்டும், வாங்கித் தருகிறோம். கிடாவையும் பெட்டைகளையும் ஒரே தடுப்பில் ஏற்றக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது.

கொண்டு போனதும் மந்தையில் விடலாமா?

கூடாது. மூன்று, நாலு வாரம் தனியாக வையுங்கள். எங்கள் ஆட்டில் நோய் இல்லை என்று நாங்கள் சொல்வதை நம்பி இதைத் தவிர்க்காதீர்கள். குடற்புழு மருந்து கொடுத்து, குளம்பு சீவி, உங்கள் ஊர்த் தீவனத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். ஏற்கெனவே ஒரு கிடா இருந்தால் இரண்டையும் முதல் இரண்டு நாள் நெருக்கமான தடுப்பில் அடையுங்கள். பின்னே ஓடி வந்து முட்ட இடமிருந்தால்தான் மண்டை உடையும். கொம்பில்லாத ஆடுதானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம்.

பிள்ளைகள் கிடாவின் நெற்றியைத் தட்டி விளையாட விடாதீர்கள். பழகிப்போனால் ஆளையே முட்டும்.

என்ன தீவனம்?

மேய்ச்சல் நன்றாக இருந்தால் அதுவே போதும். சேர்க்கைக்கு மூன்று வாரம் முன்னாலிருந்து தினம் கால் கிலோ அடர்தீவனம், கூடவே பசுந்தீவனமாக வேலிமசாலோ அகத்தியோ கொடுங்கள். தவிட்டை அள்ளிப் போடாதீர்கள். தவிடும் தானியமும் மிஞ்சினால் கிடாவுக்கு மூத்திரக் கல் அடைக்கும். முக்கி முக்கி நின்று சொட்டுச் சொட்டாகப் போனால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட வேண்டும், மறுநாள் என்றால் பிழைக்காது. மாட்டுக்கு வாங்கிய தாது உப்பையும் போடாதீர்கள். அதிலுள்ள தாமிரம் மாட்டுக்குச் சரி, செம்மறிக்கு ஈரலில் சேர்ந்து விஷமாகும்.

சினை பிடிக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

இரண்டு மாதத்துக்குள் கால்நடை மருத்துவர் பார்த்து, இது கிடாவின் பிறவிக் கோளாறு என்று எழுதிக் கொடுத்தால் வேறு கிடா தருகிறோம். கிடா இல்லாவிட்டால் பணம். பழைய கிடாவை எங்களிடம் திருப்பிக் கொண்டுவர வேண்டாம். வெளியே போன ஆட்டை மந்தைக்குள் சேர்ப்பதில்லை, நீங்கள் கறிக்கு விற்று அந்தப் பணத்தைக் கழித்துக்கொள்ளலாம். காய்ச்சல், காயம், நாய்க்கடி, கல்லடைப்பு இவையெல்லாம் இதில் வராது.

அச்சாரம் கொடுத்து நிறுத்தி வைக்கலாமா?

பார்த்துப் பிடித்திருந்தால் கால் பங்கு கொடுத்து இருபது நாள் வரை நிறுத்தலாம். பார்க்காமல் அனுப்புகிற அச்சாரத்தை வாங்குவதில்லை.

குலதெய்வத்துக்கு வெட்டக் கிடா வேண்டும், தருவீர்களா?

பொலிகிடா எதற்கு? அதற்குக் கறிக்கிடா தனியாக இருக்கிறது, சந்தை விலைக்கே எடுத்துக்கொள்ளலாம். சாமிக்கு என்றால் காயடிக்காத, ஊனமில்லாத கிடா வேண்டும் என்று பல ஊரில் முறை இருக்கிறது. எங்கள் கறிக்கிடாக்களில் பாதியை மூன்று மாதத்திலேயே காயடித்துவிடுகிறோம், அதனால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

செம்மறிக் கிடாவை வெள்ளாட்டோடு விட்டால் குட்டி வருமா?

வராது. ஏறும், அவ்வளவுதான்.

எப்போது வந்து பார்க்கலாம்?

காலை எட்டு மணிக்கு முன்னால் வாருங்கள், பட்டி திறப்பதற்குள். மேய்ச்சலுக்குப் போய்விட்டால் தாய் ஆட்டைத் தேடிப் பிடித்துக் காட்ட முடியாது. புதன்கிழமை வேண்டாம், மேச்சேரிச் சந்தை நாள். சந்தைக்கோ வேறு பண்ணைக்கோ போய்விட்டு அதே செருப்போடு நேராக எங்கள் பட்டிக்குள் வராதீர்கள். வாசலில் தண்ணீரும் கிருமிநாசினியும் வைத்திருக்கிறோம், காலைக் கழுவிவிட்டு உள்ளே வாருங்கள்.